கடைசிப் பெயர்

பக்கத்து வீட்டுச் சிங்கராயர் முன்னேற்றப் பட்டையாக மாறி அன்றோடு ஒன்பது நாளாகியிருந்தது.

காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நீளமாகப் படுத்திருந்தார். பாதத்திலிருந்து நெற்றிவரை நீலம். அதற்கு மேலே மட்டும் இன்னும் வெள்ளை. வயிற்றின்மேல் 98 என்று எழுதியிருந்தது. தபால் ஆபீசில் முப்பத்தோரு வருடம் முத்திரை குத்தியவர். எதையும் அரைகுறையாக விடும் ஆள் அல்ல. ஆனால் இது அவர் கையில் இல்லை.

அவர் மனைவி பிலோமினா அவர்மேல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"கோமளா, எப்பம்மா முடியும்? ஒம்பது நாளா மனுசன் காபி குடிக்கல."

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள முடிஞ்சிரும்க்கா."

"நேத்தும் இதத்தான சொன்ன."

"நேத்து தொண்ணூத்தேழுல இருந்தாரு."

"அதுவும் சரிதான்" என்று பிலோமினா ஈரத்துண்டை உதறி அவர் முழங்காலில் போட்டாள்.

சிங்கராயர் காட்டிக்கொண்டிருந்தது 'ஏடு' என்ற மென்பொருளில் ஓர் ஆய்வேடு வெளியாகும் வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்பதை. கோமளவல்லியின் கணவர் ஞானவடிவேல் எழுதிய மென்பொருள் அது. ஆய்வுக் கட்டுரைகளை வாங்கி, வரிகளை ஒழுங்காக அடுக்கி, அடிக்குறிப்புக்கு எண் போட்டு, மேற்கோள் பட்டியல் தயாரித்து, உலகத்தின் முன்னால் வைக்கும். காசு கிடையாது. பூட்டும் கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளராக இருந்துகொண்டே பதினான்கு வருடம் அதை எழுதினார்.

திரையில் வரும் சொற்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியது கோமளவல்லி. மொத்தம் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவள். அவளுக்கு அது கைவந்த காரியம்.

ஏட்டின் வழியாக ஊரார் ஆய்வேடுகள் நானூறு வெளிவந்தன. அவருடையது மட்டும் வரவில்லை. தமிழ் அச்சில் வரி முடிவில் சொல்லை எங்கே பிரிக்கலாம், எங்கே பிரிக்கக் கூடாது என்பதைப் பற்றி இருநூற்றுப் பத்துப் பக்கம் எழுதியிருந்தார். ஒற்றெழுத்தைப் பிரித்து அடுத்த வரியின் தலையில் தனியாக நிறுத்தக் கூடாது என்பது அவருடைய முக்கியமான முடிவு. அதை வெளியிடுவதற்கு முன்பு, பங்குனியில், அவர் இறந்துவிட்டார்.

இப்போது கோமளவல்லிதான் வெளியிட வேண்டும். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டாள். ஒரே ஒரு கட்டம் பாக்கி. திரையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு நின்றது.

'கடைசிப் பெயர் இல்லை. இன்று மாலை ஐந்து மணிக்குள் நிரப்பாவிட்டால் இந்த ஆய்வேடு எழுதப்படவில்லை. எழுதாதவர் இருந்ததும் இல்லை.'

அந்த அறிவிப்பையும் அவள்தான் தமிழாக்கியிருந்தாள். அன்றைக்கு அது நன்றாக வந்திருப்பதாகவே நினைத்தாள்.

கட்டத்தில் மாமனார் பெயரைப் போட்டுப் பார்த்தாள். சுப்பையா. 'இவர் இந்தப் பெயரைக் கடைசியாகச் சொல்லவில்லை' என்றது ஏடு.

சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். ஞானவடிவேல் கழுத்துவரை மறைந்திருந்தார். நேற்று சட்டைப் பையாவது தெரிந்தது. இன்று முகம் மட்டும் இருந்தது. மூக்குக்கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது, எப்போதும் போல.

பையை எடுத்துக்கொண்டாள். பைக்குள் ஃபிளாஸ்க் இருந்தது. பங்குனியில் ஆஸ்பத்திரி கேண்டீனில் டீ வாங்கிய ஃபிளாஸ்க். அதை அவள் இன்னும் திறக்கவில்லை. டீ இன்னும் சூடாக இருந்தது. வெளியே தொட்டாலே தெரியும்.

அந்தக் கட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய வெளியீட்டு அலுவலகத்துக்கு மூன்று புள்ளி ஒன்றாம் நம்பர் பஸ் போகும். அன்று மூன்று புள்ளி இரண்டுதான் வந்தது.

"பழசு நிறுத்தியாச்சும்மா" என்றார் கண்டக்டர். "இதுல எல்லாம் அப்படியேதான் இருக்கும். படிக்கட்டு மட்டும் இருக்காது."

ஜன்னல் வழியாக ஏறிக்கொண்டாள்.

அலுவலகத்துக்குக் கதவே கிடையாது. திறந்த அலுவலகம். உள்ளே நீளமாக ஒரு வராந்தா. யாராவது ஏதாவது கருத்துச் சொன்னால் சுவரோரம் ஓர் அடிக்குறிப்பு முளைத்தது. வராந்தா அந்த அளவுக்கு நீண்டது. அடிக்குறிப்புகள் தரையோடு தரையாகக் குந்தியிருந்தார்கள். சின்னச் சின்ன ஆட்கள். தலைக்குமேல் எண்.

"நாலாம் ஜன்னல் எங்கங்க?" என்று கேட்டாள்.

"நேராப் போயி இடது பக்கம்" என்றார் ஏழாம் எண்.

"மேலது" என்றார் எட்டாம் எண், மேலே சொன்னதேதான் என்ற அர்த்தத்தில்.

"மேலது" என்றார் ஒன்பதாம் எண்.

நாலாம் ஜன்னலை அடைந்தபோது மணி இரண்டு. உள்ளே முத்துவிஜயன் என்று பெயர்ப்பலகை வைத்து ஒருவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இருப்புச் சான்று?"

நீட்டினாள். அவர் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது போன மாசத்துது."

"இந்த மாசமும் இருக்கேனே."

"பாத்தாத் தெரியுது. பேப்பர்ல தெரியணும்ல?" முத்திரை குத்தினார். "சரி, இன்னும் ஒரு மாசம் இருங்க. என்ன வேணும்?"

"கடைசிப் பெயருன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுக்கு என்ன அர்த்தம்?"

"ஒருத்தர் கடைசியாச் சொன்ன பேரு."

"யார் சொன்னது அப்படின்னு?"

"நீங்கதான். வரி எண் இருநூத்திப் பன்னெண்டு. உங்க தமிழாக்கம்."

கோமளவல்லிக்கு அந்த வரி நினைவிருந்தது. ஆங்கிலத்தில் 'லாஸ்ட் நேம்' என்று இருந்ததை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை போட்டுவிட்டாள். அன்று அவர் தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். 'இந்தா, இது சரியா வருமா? நம்ம ஊர்ல எவனுக்கு முதல் பேரு, கடைசிப் பேருன்னு இருக்கு? அப்பன் பேரு, தன் பேரு. அவ்வளவுதான' என்றார். 'அடுத்த பதிப்புல மாத்திக்கலாங்க' என்றாள் அவள். அடுப்பில் சாம்பார் இருந்தது.

"அது தப்புங்க. அப்பா பேருன்னு போட்டிருக்கணும்."

"தப்புன்னு எழுதிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். ஒம்பது வருசமாச்சு."

முத்துவிஜயன் எழுந்து பின்னாலிருந்த அலமாரியைக் காட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டாம் தட்டில் அவளுடைய விண்ணப்பம் இருந்தது. வாயைத் திறந்தபடி இருந்தது. உள்ளே கொஞ்சம் தூசி.

"திறந்துதான் இருக்கு, பாருங்க. நாங்க யாரும் மூடல."

"நான் இப்பவே மாத்திடறேன். யாரு வேணும்னாலும் திருத்தலாம்ல?"

"தாராளமா. திருத்திட்டு ஞானவடிவேல்கிட்ட ஒப்புதல் வாங்கிட்டு வாங்க. அவருதான பொறுப்பாளரு."

"அவர் இறந்துட்டாருங்க."

முத்துவிஜயன் பெரிய நோட்டைப் புரட்டினார். ஆள்காட்டி விரலால் கீழே கீழே தேடினார்.

"அதுக்கு அவர் ஒப்புதல் குடுத்த மாதிரி பதிவு இல்லையே."

"இல்லதாங்க. யாருமே குடுக்கல."

அந்த நேரத்தில் கையில் காய்கறிப் பையோடு ஒருவர் உள்ளே வந்தார். சுவரிலிருந்த ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டார். கோமளவல்லியின் சேலைக் கரையைப் பச்சையிலிருந்து அரக்குக்கு மாற்றினார். 'சிறு திருத்தம்' என்று நோட்டில் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

"யாருங்க அது?"

"தெரியாது. நல்ல மனுசன். வாரா வாரம் வருவாரு." முத்துவிஜயன் மோரை முடித்தார். "உங்களுக்கு ஒரே வழி. அவர் கடைசியாச் சொன்ன பேரு என்னன்னு கேட்டு வாங்கிட்டு வாங்க. நீங்க கூட இருந்தீங்கல்ல?"

கோமளவல்லி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"டீ வாங்கப் போயிருந்தேன்."

இதை இதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்திலேயே இருந்ததாகத்தான் சொந்தக்காரர்கள் எல்லாரும் நினைத்திருந்தார்கள். உடனே அவள் காலடியில் ஓர் அடிக்குறிப்பு முளைத்தது. இருபத்தேழு. அவன் குந்தி உட்கார்ந்து, அவள் சொன்னதை அப்படியே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். வராந்தா ஓர் அடி நீண்டது.

ஆஸ்பத்திரி அதே வராந்தாவில்தான் இருந்தது. அந்த இருபத்தேழாம் அடிக்குறிப்பைத் தாண்டினால் டெட்டால் வாசனை வந்தது. வார்டில் எல்லாக் கட்டிலும் காலி. ஆறாம் கட்டிலில் மட்டும் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெட்டுக்கோடு மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. அடுத்த எழுத்தை யாராவது தட்டுவார்கள் என்று காத்திருக்கும் கோடு.

வார்டு ஆயா பேச்சியம்மாள் போர்வை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஆறாம் பெட்டா? கண்ணாடி போட்ட அய்யா. ஆமா, நான்தான் இருந்தேன்."

"கடைசியா ஏதாவது பேரு சொன்னாரா?"

கேட்டுவிட்டுக் கோமளவல்லி கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து மாதமாக அவள் பயந்தது இதற்குத்தான். அவர் வாயில் வேறு யார் பெயராவது வந்திருக்கலாம். செத்துப்போன அவர் அம்மா பெயர். கல்லூரியில் கூட வேலை பார்த்த யாராவது. யார் பெயரும் வராமலும் இருந்திருக்கலாம். எது மோசம் என்று அவளால் முடிவு செய்ய முடிந்ததில்லை.

"பேரெல்லாம் சொல்லல தாயி. 'இந்தா'ன்னாரு."

"இந்தாவா?"

"இந்தான்னாரு. கையை இப்பிடி நீட்டுனாரு."

"கையில என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல."

இருபத்திரண்டு வருடம் ஞானவடிவேல் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவர்கள் வீட்டில் ஆண்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கம்ப்யூட்டருக்குள் எழுதிய நிரலின் ஒவ்வொரு துண்டுக்கும் என்று பத்தாயிரம் பெயர் வைத்தவர். ஒவ்வொன்றையும் எழுத்துப் பிசகாமல் நினைவு வைத்திருந்தவர். பெண்டாட்டியை மட்டும் 'இந்தா' என்பார். இந்தா, கண்ணாடியை எங்க வச்சேன். இந்தா, கரண்ட் போயிருச்சு. இந்தா, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு.

"ஆயா, அது என்னைக் கூப்பிட்டதா? இல்ல, எதையாவது குடுக்கறதுக்குச் சொன்னதா?"

பேச்சியம்மாள் ஒரு போர்வையை மடித்து முடிக்கும்வரை யோசித்தாள்.

"ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான தாயி. நீ பக்கத்துல இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. போர்வை எண்ணிக்கையைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

நாலாம் ஜன்னலுக்குத் திரும்பியபோது மணி மூன்றே முக்கால்.

'இந்தா' பெயர்தானா என்று தீர்ப்புச் சொல்ல மூன்று மதிப்பீட்டாளர்கள் இருந்தார்கள். யார் எழுதியது என்று தெரியாமல் மதிப்பிட வேண்டும் என்பதால் மூவரும் துண்டால் கண்ணைக் கட்டியிருந்தார்கள். முதலாமவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அது அவர்களுக்குத் தெரியாது.

"இது பெயர்ச்சொல் அல்ல" என்றார் முதலாமவர்.

"ஏவல் மாதிரி தெரியுது. வாங்கிக்கோன்னு அர்த்தம்" என்றார் இரண்டாமவர்.

"ஆதாரம் உண்டா?" என்றார் மூன்றாமவர்.

"இருபத்திரெண்டு வருசம், ஒரு நாளைக்கு எப்படியும் முப்பது தடவை" என்றாள் கோமளவல்லி.

"சொன்னவர் யார்?"

"அவர்தான்."

"எல்லாமே அவரா? வேற யாரும் உங்களை அப்படிக் கூப்பிட்டதில்லையா?"

"வேற யாரு கூப்பிடுவா?"

"தன்னைத்தானே மேற்கோள் காட்டறது அதிகமா இருக்கு" என்று மூன்றாமவர் உதட்டைப் பிதுக்கினார்.

மூவரும் தலையைச் சேர்த்துப் பேச முயன்றார்கள். தலைகள் சந்திக்கவில்லை. கடைசியில் முதலாமவர் சுவரைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

"அந்தப் பேர்ல ஒருத்தர் இருந்தா அது பேரு. இல்லாட்டா அது வெறும் சத்தம். இருப்புச் சான்றுல இந்தான்னு யாராவது இருக்காங்களா?"

முத்துவிஜயன் நோட்டைப் பார்த்தார். யாரும் இல்லை.

"நீங்க வேணும்னா இருக்கலாம்" என்றார் மெதுவாக. "ஆனா ஒருத்தருக்கு ஒரு பேருதான். கோமளவல்லியை விட்டுக் குடுக்கணும்."

"விட்டுட்டா அது என்னாகும்?"

"பொதுவுல விட்ருவோம். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், உபயோகிக்கலாம், மாத்திக்கலாம். இங்க எல்லாமே அப்படித்தான?"

ஐந்து எழுத்து, ஒரு புள்ளி. அவள் அப்பா பஞ்சாங்கமெல்லாம் பார்க்காமல், கோயிலில் எழுதியிருந்ததைப் படித்துப் பிடித்துப்போய் வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் நீளம் என்று கேலி செய்தார்கள். அச்சகத்தில் ஒவ்வொரு பிழைதிருத்தப் படியின் ஓரத்திலும் சிவப்பு மையில் 'கோ' என்று போடுவாள். அந்த ஒரு கோவைப் பார்த்தால் முதலாளி மறுபடி படிக்கமாட்டார்.

சுவர்க்கடிகாரம் நாலு ஐம்பத்தொன்று காட்டியது. வீட்டில் அந்தப் படத்தில் இப்போது எதுவரை இருப்பார் என்று நினைத்தாள். மீசை போயிருக்கும். கண்ணாடி இருக்கலாம்.

"எடுத்துக்கோங்க" என்றாள்.

முத்துவிஜயன் ரப்பர் எடுத்து அழித்தார். கடைசி எழுத்திலிருந்து தொடங்கினார். பாதியில் ரப்பர் தேய்ந்துவிட்டது. உள்ளே போய் வேறு ரப்பர் எடுத்து வந்தார். அவள் பையிலிருந்த ரேஷன் கார்டில், கைக்குட்டை மூலையில், நாக்கின் அடியில் அந்தப் பெயர் ஒவ்வொரு எழுத்தாகப் போனது. வலி ஒன்றும் இல்லை. பல் பிடுங்கிய இடத்தைப் போல இருந்தது.

வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண் ஜன்னலைப் பார்த்தாள்.

"அந்தப் பேரு யாருக்காவது வேணுமா?"

"இல்ல, எடுத்துக்கோங்க" என்றார் முத்துவிஜயன்.

அவள் எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்ற அவள் புருசன், "கோமளவல்லி, நேரமாச்சு, வா" என்று கூப்பிட்டான். முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டான். அவள் போனாள்.

இவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

புதுச் சான்றில் 'இந்தா' என்று எழுதி முத்திரை குத்தினார்கள். கட்டம் நிரம்பியது. மணி நாலு ஐம்பத்தொன்பது.

வீடு திரும்பும் வழி எளிதாக இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் யாருக்கோ சில்லறை கொடுத்து, "இந்தா" என்றார். அவள் நிமிர்ந்தாள். பூக்காரி முழம் போட்டுவிட்டு, "இந்தா" என்றாள். அவள் நின்றாள். கொய்யாப்பழக் கடையில், பெட்டிக்கடையில், கோயில் வாசலில் சுண்டல் கொடுக்கும் இடத்தில், ஊர் முழுக்க எல்லாரும் எல்லாரையும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் ஒவ்வொரு முறையும் திரும்பினாள். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ எதையோ வாங்கிக்கொண்டு போனார்கள்.

தெருவுக்குள் நுழைந்தபோது சிங்கராயர் எழுந்து உட்கார்ந்திருந்தார். நீலம் இறங்கிப் பழைய நிறம் வந்திருந்தது. முழங்காலில் மட்டும் துண்டு.

"முடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டார்.

"முடிஞ்சிருச்சுங்கண்ணே."

"முதுகு ஒரே வலி. ஆனா நூறைத் தொட்டப்ப நல்லா இருந்துச்சு" என்றார்.

பிலோமினா காபி டம்ளரோடு வெளியே வந்தாள். இவளைப் பார்த்ததும் கூப்பிட வாயைத் திறந்தாள். வாயில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை திறந்து பார்த்தாள். பிறகு சங்கடமாகச் சிரித்துக்கொண்டு, புருசன் பக்கம் திரும்பி டம்ளரை நீட்டினாள்.

"இந்தாங்க."

இவள் 'வர்றேங்க்கா' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

படத்தில் ஞானவடிவேல் முழுதாக இருந்தார். சட்டைப் பையில் பேனாகூட இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஆய்வேடு வெளியாகியிருந்தது. இருநூற்றுப் பத்துப் பக்கம். எந்த வரியின் தலையிலும் ஒற்றெழுத்து தனியாக நிற்கவில்லை. அவள் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். பிழை ஒன்றும் இல்லை.

கடைசியில், இந்த ஆய்வேட்டை மற்றவர்கள் மேற்கோள் காட்ட வேண்டிய முறை கொடுக்கப்பட்டிருந்தது. மேற்கோள் பட்டியலில் கடைசிப் பெயர் முதலில் வரும். பிறகு ஒரு காற்புள்ளி. பிறகு சொந்தப் பெயரின் முதல் எழுத்து. இந்த விதியையும் ஏட்டுக்குள் அவர்தான் எழுதியிருந்தார்.

'இந்தா, ஞா.'

இனி உலகத்தில் யார் எந்தக் கட்டுரையில் அவரைக் குறிப்பிட்டாலும் அப்படித்தான் குறிப்பிடுவார்கள்.

பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தாள். மூடியைத் திருகினாள். ஆவி வந்தது. அலமாரியிலிருந்து அவருடைய டம்ளரை எடுத்துத் துடைத்து, முக்கால் டம்ளர் ஊற்றினாள். முழுக்க ஊற்றினால் அவர் தட்டச்சுப் பலகையில் சிந்திவிடுவார்.

வாழ்நாளில் அவரை அவள் ஒருமையில் அழைத்ததில்லை. பெயரில் ஓர் எழுத்தைக்கூடச் சொன்னதில்லை. திரையில் இருந்ததை, காற்புள்ளிக்கு நிறுத்தி, வாய்விட்டுப் படித்தாள்.

"இந்தா, ஞா."

டம்ளரை நீட்டியபடி நின்றாள். சிறிது நேரத்தில் கை வலித்தது. இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.